காவிரிப் படுகையின் கிறிஸ்துமஸ்: வீடுகள் காத்தவை

(தஞ்சாவூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம்)



கிறிஸ்துமஸ் நினைவுகளையும், அந்த நாளுக்கென்று வீடுகளில் காத்துவரும் பொருள்களையும் வழக்கங்களையும் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு இது போதுமான பொருள்தானா என்று சிலர் நினைக்கலாம். போதும் என்பதே என் எண்ணம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதிகளின் கிறிஸ்தவ வரலாற்றுக்கு ஆவணப் பஞ்சம் கிடையாது. தரங்கம்பாடியிலிருந்து மிஷனரிகள் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஜெர்மனியில் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. 1710 முதல் அவற்றில் ஒரு பகுதி அச்சிலும் வந்தது. ஆனால் அவை ஐரோப்பாவில் காணிக்கை கொடுத்தவர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை. எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றார்கள், எத்தனை பள்ளிகள் நடக்கின்றன, யாரோடு என்ன வாதம் நடந்தது என்பதே அவற்றின் அக்கறை. பொறையாற்றில் ஒரு தாய் பண்டிகைக்கு என்ன பலகாரம் சுட்டாள், யார் பாட்டெடுத்தார்கள், எந்த வீட்டில் அந்த வருசம் பண்டிகை இல்லை என்பதெல்லாம் அந்தப் பேனாவின் கவலையாக இருக்கவில்லை.

நான் இன்று நிறுவ முற்படுவது ஒன்றே ஒன்று. இந்தப் படுகையில் கிறிஸ்துமஸ் தமிழர் திருநாளாக வேர்விட்டது வீடுகளால்தான். மிஷன் எழுதாமல் விட்டதையும், சில காலம் விலக்கியே வைத்ததையும் வீடுகள் பாட்டாகவும் பொருளாகவும் துக்கமாகவும் காத்து வந்தன. இதை ஐந்து பகுதிகளாகச் சொல்கிறேன். இரண்டாவதில் சற்று அதிக நேரம் நிற்பேன், பொறுத்தருள வேண்டும்.

1. போதகர் சிறையிலிருந்த கிறிஸ்துமஸ்

நாகப்பட்டினத்தில் 1658 வரை போர்ச்சுகீசியர் இருந்தார்கள். ஆகவே இந்தக் கரையில் கிறிஸ்து பிறப்புத் திருநாள் சீர்திருத்தச் சபையார் வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1706 ஜூலை 9 அன்று மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் அங்கே கரையிறங்கினார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அவர்களிடம் முதன்முதல் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். ஆகஸ்டில் எருசலேம் கோயில் திறக்கப்பட்டது. அந்த 1707 டிசம்பரில்தான் தமிழ்ச் சீர்திருத்தச் சபையின் முதல் கிறிஸ்துமஸ். பிறர் வீட்டு அடுப்படியில் உழைத்தவர்கள் தமக்கென்று ஒரு திருநாளைப் பெற்ற ஆண்டு அது.

மறு ஆண்டு நிலைமை மாறியது. 1708 நவம்பரில் டேனிய ஆளுநர் சீகன்பால்கைக் கைதுசெய்து டான்ஸ்பர்க் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதம் சிறை. அந்தக் கிறிஸ்துமஸ் அன்று சபைத் தலைவர் கோட்டைக்குள், சபை வெளியே. பிறந்து ஒன்றரை ஆண்டே ஆன அந்தச் சிறு கூட்டம் கலைந்துவிடவில்லை. பின்னாளில் முதல் எருசலேம் கோயிலைக் கடல் கொண்டது. 1718இல் ராஜ வீதியில் எழுந்த புதிய எருசலேம் கோயில்தான் இன்று நாம் பார்ப்பது. போதகர் சிறையில் இருந்தபோதும் கட்டடம் போன பின்பும் ஒரு திருநாள் நிற்கிறதென்றால், அது நின்ற இடம் மனிதர்களின் வாழ்விடம். இங்கிருந்துதான் என் வாதம் தொடங்குகிறது.

2. பாட்டும் பூவும்

மிஷனரி கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயரைத் தஞ்சைக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779இல் அவர் எழுப்பிய கோயிலுக்குள் ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸின் கையை சரபோஜி மன்னர் பற்றிக்கொண்டு நிற்கும் காட்சி. சுற்றுலா வருபவர்கள் அதைப் பார்த்துப் போகிறார்கள். அந்த சுவார்ட்ஸ் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1785இல் ஒரு சிறுவனைத் தஞ்சைக்கு அழைத்துவந்தார். அந்தச் சிறுவனைப் பற்றி இன்னும் விரிவாகப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

1774இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார்தான் அவர். சரபோஜியோடு சேர்ந்து படித்தவர். பின்னாளில் அவருடைய அவையிலேயே கவிஞராக இருந்தவர். அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யைக் கிறிஸ்துமஸ் பற்றிப் பேசும்போது தவிர்க்கவே முடியாது. அக்காலத் தஞ்சையில் குறவஞ்சி என்றால் அரண்மனையும் பெரிய கோயிலும் நினைவுக்கு வரும். சரபோஜி மீதே சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடப்பட்டுப் பெரிய கோயிலில் ஆடப்பட்டது. அதே வடிவத்தை எடுத்து, பவனி வரும் பெத்லகேம் நாதரைக் கண்டு தேவமோகினி காதல் கொள்வதாகவும், குறத்தி வந்து குறி சொல்வதாகவும் சாஸ்திரியார் அமைத்தார். சூரியனைச் சுற்றிக் கோள்கள் சுழல்கின்றன என்ற அன்றைய புதிய வானியலும் அந்நூலுக்குள் வருகிறது. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரின் கதையை வீதியில் ஆடிப் பாடும் பெண்ணின் வாயில் வைத்ததுதான் அதில் எனக்குப் பெரிதாகப் படுவது. கேட்டவர்களுக்கு அந்தக் கதை அயலாக இருந்திருக்க முடியாது. இவருக்கு முன்பே, கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 3615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடி, சூசையப்பரை வளன் என்ற தமிழ்ப் பெயரோடு காப்பிய நாயகனாக்கியிருந்தார். ஆனால் தேம்பாவணியைப் படிக்கப் புலமை வேண்டும். குறவஞ்சியைப் பாடக் குரல் இருந்தால் போதும்.

சுவார்ட்ஸ் 1798இல் மறைந்தார். 1820களில் தஞ்சைக்குப் புதிய மிஷனரிகள் வந்தார்கள். பழைய போதகர்கள் அனுமதித்திருந்த பலவற்றை அவர்கள் நிறுத்தினார்கள். திருநாள்களிலும் திருமணத்திலும் சாவிலும் பூக்கள் கூடாது என்றார்கள். கோயிலில் தமிழ்க் கீர்த்தனைகளும் தமிழ் இசைக்கருவிகளும் கூடாது என்றார்கள். பழகிய வேதாகமத்தை எடுத்துவிட்டுப் புதிய மொழிபெயர்ப்பைத் திணித்தார்கள். சபையில் சாதி பார்த்துத் தனித்தனியே உட்காருவதையும் தடுத்தார்கள். இந்த நான்கையும் கொடுமைகள் என்று கண்டித்து சாஸ்திரியார் எழுதினார். சபையே இரண்டுபட்டது.

இந்த இடத்தில் என் தீர்ப்பை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாட்டுக்காகவும் பூவுக்காகவும் வேதாகமத்துக்காகவும் சாஸ்திரியார் நின்றது நியாயம். மார்கழிக் குளிரில் பூ இல்லாமல், தமிழ்ப் பண் இல்லாமல் ஒரு பிறப்புத் திருநாளைத் தமிழர்கள் கொண்டாட வேண்டும் என்பது இரக்கமற்ற கட்டளை. ஆனால் உட்காரும் இடத்தைச் சாதியால் பிரிப்பதற்காக அவர் நின்றது நியாயம் ஆகாது. அந்த ஒன்றில் மிஷனரிகள் சொன்னதே வேதத்துக்கு உகந்தது. கலைஞர் என்று போற்றுவதற்காக இதை மூடி வைப்பது அவருக்கும் மரியாதை ஆகாது, அன்று தனியாக உட்கார வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் மரியாதை ஆகாது.

கோயிலுக்கு வெளியே தள்ளப்பட்ட அந்தப் பாட்டுகள் பிறகு என்னவாயின? வீடுகளுக்குள் போயின. சாஸ்திரியார் கதாகாலட்சேபமாகப் பாடினார். கேட்டவர்கள் மனப்பாடம் செய்தார்கள். ஏட்டில் எழுதி வைத்தார்கள். 1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட முனைந்தபோது சாஸ்திரியாரின் பாட்டுகள் அவருக்குக் கிடைத்தன. அச்சான அந்தப் புத்தகம் வழியாகக் கீர்த்தனைகள் மீண்டும் கோயிலுக்குள் நுழைந்தன. சாஸ்திரியார் 1864இல் மறைந்தார். அவர் வழியில் வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையைத் தொடர்கிறார்கள். இன்று கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் ஆர்மோனியத்தோடு நாம் பாடும் கீர்த்தனைகளுக்கு ஒரு காலத்தில் இந்த ஊர்க் கோயிலிலேயே இடமில்லை. பாட்டுப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிய பாட்டிமார்களால்தான் அவை பிழைத்தன.

இசையை வீடு காத்தது என்பதற்கு இன்னொரு சான்று ஆபிரகாம் பண்டிதர். 'கருணாமிர்த சாகரம்' எழுதிய அவர் தஞ்சையில் தம் பெண் மக்களுக்கே இசை கற்பித்தார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் அவருடைய மகள்கள் பாடியும் வாசித்தும் அவருடைய இசைக் கொள்கையை நிறுவிக் காட்டினார்கள். ஒரு வீட்டின் கூடத்தில் பயின்ற பாட்டு அது.

3. குதிர் அடியைத் தொட்ட மாதம்

வடக்கு ஐரோப்பாவில் டிசம்பர் என்றால் அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் காலம். ஆடுமாடுகளை அறுத்துப் பதப்படுத்தி வைத்திருப்பார்கள். அந்த நிறைவிலிருந்து எழுந்தவைதான் அவர்களுடைய கிறிஸ்துமஸ் விருந்தும் கேக்கும்.

நம் படுகையில் கதை தலைகீழ். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். ஜனவரி 28 வரை தண்ணீர் வரும். குறுவை ஐப்பசிக்குள் அறுபட்டுவிடும். டிசம்பர் 25 மார்கழி பத்தையொட்டி வருகிறது. அப்போது சம்பா வயலில் நிற்கிறது; கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் பருவம். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும், ஓயாமலும் இருக்கும். வீட்டுக் குதிரில் கைவிட்டால் அடி தட்டும். நெல் தையில்தான் வரும். கூலி வேலை செய்பவர்களுக்கு நடவு முடிந்து அறுப்பு தொடங்காத இடைக்காலம். வருசத்திலேயே கையில் காசு குறைந்த நாள்களில் நமக்குப் பெருநாள் வருகிறது.

எங்கள் தலைமுறை வரை இந்த வீடுகளின் கிறிஸ்துமஸ் வழக்கங்களை உருவாக்கியது இந்த ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். ஜவுளிக் கடையில் தையில் தருவதாகச் சொல்லி ஒரே துணியில் மொத்தமாக எடுத்து, அண்ணனுக்கும் தம்பிக்கும் சட்டை, அக்காளுக்கும் தங்கைக்கும் பாவாடை என்று வெட்டித் தைப்பார்கள். ஊரில் யாருடைய பிள்ளைகள் என்று துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம். பலகாரம் முழுவதும் அரிசி மாவிலும் வெல்லத்திலும் முடியும்: முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு. எண்ணெய்ச் சட்டி ஒரு வீட்டில் ஏறினால் மூன்று வீட்டுப் பெண்கள் சேர்ந்து உட்காருவார்கள். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு அனுப்பிய அண்டை வீடுகளுக்குத் திரும்ப அனுப்ப வேண்டும். அசைவம் சமைத்த அடுப்பில் சுட்டதைத் தொடாத வீடுகளுக்கு வாழைப்பழமும் சர்க்கரையும் வெற்றிலை பாக்கும் தட்டில் போகும். இதை யாரும் எழுதி வைத்த விதியாகப் பார்த்ததில்லை, எல்லாரும் கடைப்பிடித்தார்கள்.

குடில் இன்னும் நேரடியான சான்று. கத்தோலிக்க வீடுகளில் குடிலைச் சுற்றிப் பச்சை வேண்டும் என்பதற்காகப் பன்னிரண்டு, பதினைந்து நாளுக்கு முன்பே தட்டில் கேழ்வரகோ நெல்லோ முளைக்கப் போடுவார்கள். நெல் போடும் வீட்டில் முறை நாற்றங்கால் முறையேதான். ஒரு நாள் ஊறல், ஒரு நாள் ஈரச் சாக்கில் இறுக்கிக் கட்டல், முளை கண்டதும் ஆற்று வண்டலில் தெளித்தல். கூரைக்குப் போன வருசத்து வைக்கோல். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அந்த டிசம்பரில் தார்ப்பாயின் கீழ் வாழ்ந்த குடும்பங்கள், விழுந்த தென்னையின் மட்டையையும் கீற்றையும் கொண்டே குடில் கட்டியிருந்ததைக் கண்டேன். வீட்டுக் கூரை ஏறுவதற்கு முன் குடிலுக்குக் கூரை ஏறியது.

மார்கழி விடியலில் தெருவில் பஜனை போவது இந்த மண்ணின் பழக்கம். நம் சபைகளின் கீதப் பவனி அதே தெருக்களில், அதே மாதத்தில், இரவு நேரத்தைத் தனதாக்கிக்கொண்டது. இதற்கு மேல் இதை விரிக்கத் தேவையில்லை.

4. பெட்டிக்குள் இருப்பவை

பொருள்களுக்கு வருகிறேன். நான் பார்த்த வீடுகளில் ஆகப் பெருமதிப்புள்ளது குடும்ப வேதாகமம். முதல் தாள்களில் பிறந்த நாள், திருமுழுக்கு, திருமணம், நித்திரையடைந்த நாள் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கொள்ளுத் தாத்தாவின் கட்டை எழுத்து, அவருக்குப் பின் வந்த உபாத்தியாயரின் வளைந்த எழுத்து, அதற்குப் பின் மருமகள் எழுதிய நீல மை. பஞ்சாயத்துப் பதிவேட்டில் இடம்பெறாத, பிறந்த அன்றே இறந்த குழந்தைகளின் பெயர்கூட அங்கே இருக்கும். எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் கவனியுங்கள். 1871இல் ஐக்கிய மொழிபெயர்ப்பு வந்து பெரும்பாலான சபைகள் அதை ஏற்ற பிறகும், லுத்தரன் வீடுகள் 18ஆம் நூற்றாண்டின் பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பை விடவில்லை. சாஸ்திரியாரின் நான்கு குறைகளில் ஒன்று வேதாகமம் என்று முன்பு சொன்னேன். அந்தப் பிடிப்பு பெட்டிக்குள் இப்படித் தொடர்ந்தது. கிறிஸ்துமஸ் இரவு லூக்கா இரண்டாம் அதிகாரத்தை அந்தப் புத்தகத்தில் வாசித்தால்தான் பண்டிகையாகத் தோன்றும் என்று சொன்ன பெரியவர்களை நான் அறிவேன்.

அடுத்தது விளக்கு. கும்பகோணத்துக்குப் பக்கத்து நாச்சியார்கோயிலில் வார்க்கும் குத்துவிளக்கின் உச்சியில் அன்னம் இருக்கும். கிறிஸ்தவ வீடுகளுக்கும் கோயில்களுக்கும் அதே பட்டறைகள் அன்னத்தின் இடத்தில் சிலுவை வைத்துச் செய்து தருகின்றன. அடியும் தண்டும் அகலும் மாறவில்லை. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த அந்த விளக்கைப் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் இரவு மட்டும் ஏற்றுகிறார்கள்.

பிறகு, குடில் பொம்மைகள். கால் உடைந்த ஒட்டகம், இறக்கை போன சம்மனசு, மூவரில் காணாமல் போன ஓர் அரசர். புதிதாக முழுத் தொகுதி வாங்க வசதி வந்த பின்பும் இவற்றை எறிவதில்லை. குழந்தை இயேசு சுரூபத்தை மட்டும் தனியே துணியில் சுற்றி எடுத்து வைத்து, நடுச்சாமப் பூசை முடிந்து வந்ததும் வீட்டின் மூத்தவரோ கடைக்குட்டியோ தொழுவத்தில் கிடத்துவார்கள். மூங்கில் பட்டையில் கட்டிய நட்சத்திரச் சட்டத்தை ஆண்டுதோறும் புதுத் தாள் ஒட்டிப் பயன்படுத்திய வீடுகளும் உண்டு. இன்று பிளாஸ்டிக் நட்சத்திரம் கடையில் மலிவாகக் கிடைப்பதால் அந்தச் சட்டம் பரணில் கிடக்கிறது. வாழ்த்து அட்டைகளைச் சொல்லாமல் விட முடியாது. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்த அட்டைகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒரு குடும்பம் எங்கெங்கே பிழைக்கப் போனது என்ற வரலாறே கிடைத்துவிடும். டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போது வரும் பாச்சை உருண்டை வாசனையோடு அவை இருக்கின்றன, செல்லரிக்கவும் தொடங்கியிருக்கின்றன.

5. இருபத்தைந்தாம் நாளும் இருபத்தாறாம் நாளும்

இந்தப் படுகையில் கிறிஸ்துமஸ் நினைவு பற்றிப் பேசும் யாரும் இரண்டு இரவு பகல்களைத் தாண்டிப் போக முடியாது, தாண்டவும் கூடாது.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கிழக்குத் தஞ்சைப் பகுதியின் கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், சங்கமாகச் சேர்ந்து நின்றதும் அவர்கள் செய்தவை. கீழ்நீதிமன்றம் நிலக்கிழார்களைத் தண்டித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று வெண்மணி நினைவிடத்தில் செங்கொடிகளோடு மக்கள் திரள்கிறார்கள். இடமில்லாமல் தொழுவத்தில் பிறந்த குழந்தையைப் பற்றிக் கோயில்களில் பிரசங்கம் நடக்கும் அதே நாள் அது. வெண்மணியில் எரிந்தவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பதால் நம் திருநாளில் அவர்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட முடியுமா? சொல்லக் கூடாது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். அன்று காலை ஜெபத்தில் அந்த 44 பேரை நினைப்பது நம் சபைகளின் வழக்கமாக வேண்டும். சபைக்குள்ளேயே சாதிக்கு இடம் பிரித்துக் கொடுத்த வரலாறு நமக்கு இருக்கும்போது இது கடமையும் ஆகிறது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் வேளாங்கண்ணியில் தங்கியிருந்தார்கள். காலையில் கடற்கரையில் நின்றவர்களைச் சுனாமி அலை கொண்டுபோனது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியூர்களிலிருந்து வந்தவர்களில் பலரை அடையாளம் காணவே இயலவில்லை. சேர்த்துப் புதைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பின் அந்தக் கரையோர வீடுகளில் கிறிஸ்துமஸ் ஒரு நாள் திருநாள் என்ற நிலை மாறிவிட்டது. இருபத்தைந்து இரவு குடில் விளக்கு எரியும்; இருபத்தாறு காலையில் அதே குடிலுக்குப் பக்கத்தில் குழந்தையின் புகைப்படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கடற்கரைக்கோ நினைவுத் தூணுக்கோ போகிறார்கள். சாவு விழுந்த வருசம் பலகாரம் சுடுவதில்லை, உறவினர் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பது நம் பழைய வழக்கம். 2004இல் கொண்டுவந்து கொடுக்க வேண்டிய உறவினர் வீடும் துக்க வீடாக இருந்தது. அந்த ஊர்ப் பெண்கள் எந்த வழிபாட்டு நூலையும் பார்க்காமல் திருநாளையும் நினைவு நாளையும் ஒரே குடிலடியில் இணைத்துக்கொண்டார்கள். என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று என்னிடம் கிடையாது.

நிறைவாக, இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். குடும்ப வேதாகமத்தின் முதல் தாள்களைப் படம் எடுங்கள். பாட்டிக்குத் தெரிந்த கீர்த்தனைகளை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். எந்த மெட்டு, யாரிடம் கேட்டது என்றும் எழுதுங்கள். பலகாரம் யார் யாருக்குப் போகும், யாருக்குப் போகாது என்று கேளுங்கள். ஏன் போகாது என்பதையும் தயங்காமல் கேளுங்கள். 1968லும் 2004லும் அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் எப்படி நடந்தது என்று கேளுங்கள். கிறிஸ்தவரல்லாத மாணவர்கள் பக்கத்து வீட்டிலிருந்து தமக்கு வந்த தட்டைப் பற்றி எழுதலாம். வீட்டார் சம்மதத்தோடு அவற்றின் படிகளை இக்கல்லூரி நூலகத்தில் சேர்த்து வைக்க ஓர் அலமாரி ஒதுக்குமாறு அவைத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.